நாக்கில் வைத்துக் காட்டிய மருந்து

கும்மிடிப்பூண்டி ரயிலடிப் பஜாரில் உரக்கடை ஹனீப் பாயைத் தெரியாதவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். பழவேற்காட்டில் கருவாடும் உப்பும் விற்ற குடும்பம். கல்யாணமான கையோடு ஆரிபாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்து, முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா என்று குடித்தனம் போட்டார். மனுஷனுக்கு வியாபாரம் படிந்த கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாக்கை நீட்டித்தான் படிந்தது.

வெள்ளைப் பொடி வந்த புதுசு அது. பயிரில் பூச்சி மருந்து தூவு என்று சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வந்து சொன்னபோது ஜனங்கள் சிரித்தார்கள். விளைகிற நெல்லில் விஷத்தைப் போட்டுவிட்டு அப்புறம் அதையே சோறாக்கித் தின்பதாவது! சனிக்கிழமை சந்தையில் ஹனீப் பாய் பொடியைப் பரப்பி வைத்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் நத்தமேட்டுச் சடையப்பன், நாலு பேருக்கு முன்னால் வாயைக் கொடுத்தே பழகியவன், சொன்னான்: "நீ துன்னு காமி பாய். அப்பாலிக்கா நாங்க வாங்கறோம்."

பாய் ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். நாக்கில் வைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார். சந்தை கூடி நின்று அவர் எப்போது விழுவார் என்று பார்த்தது. அவர் விழவில்லை. உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அன்றைக்கு மூட்டை காலி. அதற்கப்புறம் வருஷா வருஷம் சம்பாப் பருவத்தில் இதே கூத்துதான். குழந்தைகள் கூட வேடிக்கை பார்க்க வரும். பாய் நாக்கு நீட்டினால்தான் சந்தை களை கட்டும்.

ஆரிபாவோ "பூச்சி துன்னற மருந்தை மனுசன் துன்னுவானா? ஒங்களுக்கு இன்னா கிறுக்கா?" என்று சண்டை போடுவாள். ஆனால் அவளும் சும்மா இருந்தவள் இல்லை. அந்தப் பொடி தலைப்பேனுக்கு நல்லது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ராத்திரி கூந்தலில் தூவித் துணியைச் சுற்றிக் கட்டி, காலையில் சீயக்காய் போட்டு அலசினால் பேன் பொலபொலவென்று உதிரும். தங்கச்சி பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்து, அக்கம்பக்கத்தில் சொல்ல, பின்வாசலில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்து நின்றார்கள். அதற்குப் பேரே பாயம்மா மருந்து என்று ஆகிவிட்டது. அவளுக்கும் அதில் பெருமைதான், இல்லை என்று சொல்ல முடியாது.

ஆக, புருஷன் ஆண்களுக்கும் பெண்டாட்டி பெண்களுக்கும் ஒரே பாடத்தைச் சொல்லி வைத்தார்கள். மருந்து பூச்சியைத்தான் கொல்லும், மனுஷனை ஒன்றும் செய்யாது. ஊர் அதை மறக்காமல் மனசில் வைத்துக்கொண்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில்தான் வினை வந்தது. பொடிக்குப் பூச்சி சாகவில்லை. குருத்துப்பூச்சி விழுந்து பயிர் வெள்ளை வெள்ளையாக நின்றது. பொடியைக் கொட்டினாலும் பூச்சி அதன் மேலேயே ஊர்ந்து போனது.

"பழகிப் போச்சு பாய் அதுக்கு," என்றான் தணிகாசலம். அவன் கிராம சேவக், சின்ன வயசு. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் புது விவசாயம் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். எதிர்வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். "நாம ஒரு மருந்து கத்துக்கறதுக்குள்ள பூச்சி அதைத் தாண்டிப் போயிடுது. அதான் கம்பெனியில பொடியை நிறுத்திட்டாங்க. இனிமே இதுதான்."

ரயிலில் வந்த மரப்பெட்டி கடை நடுவில் திறந்து கிடந்தது. வைக்கோலுக்குள் தகரக் குப்பிகள். ஒன்றைத் திறந்ததும் கெட்டுப்போன பூண்டு மாதிரி ஒரு வீச்சம் படுதாவைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்தது. நாஷ்டாவுக்கு ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்த ஆரிபா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, படுதா ஓரமாக வந்து நின்றாள்.

தணிகாசலம் அச்சடித்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னான். "இது பழைய மருந்து மாதிரி கிடையாது பாய். சொட்டு சொட்டாத்தான் தண்ணியில கலக்கணும். வாயில போகக்கூடாது. மேல படக்கூடாது. மோந்து பார்க்கக்கூடாது. காத்துக்கு எதிர நின்னு அடிக்கக்கூடாது. அடிச்ச துணியை அப்பவே தோய்க்கணும். கைக்கு உறை மாட்டிக்கணும்."

"உறையா? கைக்கா?"

"ரப்பர் உறை பாய். மெட்ராசுல கெடைக்குமாம்."

"ஏம்பா தணிகாசலம், காலுக்கே செருப்பு இல்லாதவன் கைக்கு உறை மாட்டுவானா? நல்லா சொன்னே போ!" பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் குப்பியையே பார்த்தார். "நீ சொல்றது எல்லாம் சரிப்பா. ஆனா இம்மாம் சொன்னா ஒண்ணும் மண்டையில நிக்காது. படாதே, மோவாதே, நிக்காதே, தோய்ச்சிக்கோன்னா அவன் பேஜாருன்னு போய்க்கினே இருப்பான். ஜனங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அதையும் கண்ணுல காட்டணும். நான் சந்தையில பாக்காத ஜனமா?"

"எதை விட்டுட்டு எதைச் சொல்வீங்க பாய்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

ஆரிபா காதிலும் எல்லாம் விழுந்தது. மேலே படக்கூடாது என்று அவன் சொன்னது கூட விழுந்தது. ஆப்பம் கருகுகிற வாசனை வரவே உள்ளே ஓடிவிட்டாள். அவ்வளவுதான்.

இரண்டு நாளாகக் கடையில் இதே பேச்சு. வந்தவர்கள் எல்லாரும் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சடையப்பன் நேராகவே கேட்டான்: "நாக்குல வெச்சிக் காமி பாய், எடுத்துகினு போறேன்."

"இது வேற மருந்துப்பா. நாக்குல வெச்சா நான் மௌத்தாப் பூடுவேன்."

"இன்னா பாய் கதை உடறே! போன வருசம் துன்னே, அதுக்கு முன்ன வருசம் துன்னே. இப்ப மாட்டேன்றே. சரக்குல ஏதோ கீது, நீ மறைக்கறே."

"ஆண்டவன் மேல ஆணையா மறைக்கல சடையப்பா. வெசம்பா இது."

"பொடியையும் மொதல்ல எல்லாரும் வெசம்னுதான் சொன்னாங்க. நீதான் வெசம் இல்லைன்னே."

பாய் அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அப்புறம் தலையைத் தூக்கி, "அந்தக் கருப்புப் பொட்டைக் கோழி இன்னும் முட்டை வெக்குதா?" என்று கேட்டார்.

"வெக்குதே. ஏன் கேக்கறீங்க?"

அவர் சொன்னார். ஆரிபா கத்தினாள். ஆசையாக வளர்த்த கோழி, கூப்பிட்டால் மடியில் வந்து உட்காருகிற கோழி. பாய் விடவில்லை. "ஒரு கோழி போனா போவட்டும் ஆரிபா. ஒரு தபா கண்ணால பாத்துட்டாங்கன்னா சாவற வரைக்கும் மறக்க மாட்டானுங்க. நான்தானே நாக்குல வெச்சிக் கெடுத்தேன், நான்தானே மாத்தணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோழியை அவளே பிடித்துக் கொடுத்தாள்.

சந்தையன்றைக்கு மழை விட்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று நின்று, புழுக்கம் பிடுங்கியது. புளியமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. வழக்கம்போல நாக்குதான் என்று நினைத்து வந்தவர்கள் கோழியைப் பார்த்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாய் கோழியின் அலகைப் பிரித்து, சின்னக் குப்பியிலிருந்து இறகால் தொட்டு ஒரு சொட்டு விட்டார். கோழி தலையை உதறிற்று. எழுந்து நாலு எட்டு நடந்தது. அப்புறம் எச்சில் நூல் நூலாக ஒழுக, சிறகை மண்ணில் அடித்து அடித்து, காலை விறைத்துக்கொண்டு கிடந்தது.

"எங்க போச்சு மருந்து?" என்று பாய் உரக்கக் கேட்டார்.

"வாயில!" என்றது கூட்டம்.

"வாயில போனா?"

"உசுரு போச்சு!"

"இன்னொரு தபா சொல்லுங்க!"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஜனம் திருப்பிச் சொல்லிற்று. தணிகாசலம் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "பாய், மேலே படக்கூடாதுன்னும் சொல்லுங்க பாய்" என்று இரண்டு தரம் சொன்னான். கூட்டத்தின் இரைச்சலில் யார் காதில் ஏறும்? எல்லாரும் பயந்து போனார்கள், பயந்த பிறகு வாங்கவும் செய்தார்கள். ஒரே சொட்டில் கோழி போனால் பூச்சி எம்மாத்திரம் என்று சடையப்பன் பெரிய குப்பியாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

மிச்சமிருந்த சின்னக் குப்பியை பாய் தக்கை போட்டு மூடி, கைலி மடிப்பில் செருகி, பச்சை பெல்ட்டால் இறுக்கிக்கொண்டார். செத்த கோழியை யாராவது எடுத்துச் சமைத்துவிடப் போகிறார்கள் என்று சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, கொல்லையில் ஆழமாகப் புதைத்தார். ஆரிபா சோப்புக்கட்டியைக் கொடுத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வைத்த பிறகுதான் சோறு போட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட்டார். சுறாப்புட்டு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சடையப்பன் பெண்டாட்டி குப்பம்மாள் பின்வாசலுக்கு வந்தாள். இடுப்பில் கூடை, பின்னாலேயே மகள் பச்சையம்மா. எட்டு வயசு இருக்கும். தலையைச் சொறிந்துகொண்டே நின்றது.

"பாயம்மா, பாயம்மா மருந்து கீதா? கொழந்தைக்குத் தல பூரா பேனு. மேரி டீச்சர் திட்டி அனுப்பிட்டாங்க, பேனை ஒழிச்சிட்டுத்தான் வரணுமாம். பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு போடறாங்க, அதுவும் போச்சு. தெனம் அழுவுது."

"பொடி வர்றதில்ல குப்பம்மா. நிறுத்திட்டாங்களாம். வேப்பெண்ணெ தடவிப் பாரேன்."

"தடவாமயா? ஒண்ணும் கேக்கல."

ஆரிபா அந்தப் பெண்ணுக்கு ஒரு துண்டு அச்சுவெல்லம் கொடுத்தாள். குனிந்து குப்பம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தன் புருஷன் சொன்னதை அவளும் சொன்னாள். "ஒன் ஊட்டுக்காரரு வாங்கின மருந்து பொல்லாதது. கோழி செத்ததைக் கேட்டியா? வாயில மட்டும் போவக்கூடாது. கொழந்தை கைக்கு எட்டாம மேல வெச்சிடு. வாயி, அதான் முக்கியம்."

"கேட்டேன் பாயம்மா, கேட்டேன். வாயில போவாம பாத்துக்கறேன்." குப்பம்மாள் தலையை ஆட்டினாள். போகும்போது பச்சையம்மா வெல்லத்தை நக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. முன்பல் விழுந்து, பொக்கை வாய்.

சாயங்காலமே பாய்க்குத் தலைவலி. வெயிலில் கத்தியதால் என்றார். ராத்திரி இரண்டு தரம் வாந்தி. சுறாப்புட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பொழுது விடிந்து, கொல்லைக் கதவு வழியாக வெயில் பாய்ந்து கூடம் முழுக்கப் பளீரென்று இருந்தபோது, பாயில் சுருண்டு கிடந்தவர் சொன்னார்: "ஆரிபா, இன்னும் விடியலியா? வெளக்கை ஏத்து."

அவள் கிட்டே போய் முகத்தைத் திருப்பினாள். வேர்வை கொட்டுகிறது. கடைவாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகித் தலையணை நனைந்து கிடக்கிறது. கண்மணி இரண்டும் சுருங்கி, கேழ்வரகு மணி அளவுக்கு இருந்தது. கோழி வாயில் ஒழுகிய எச்சிலை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கோழி எப்படிச் செத்தது என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் சொல்லியிருந்தார்களே!

"நாக்குல வெச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க. அவனுங்க கேட்டானுங்கன்னு வெச்சீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்ல ஆரிபா."

"கை கழுவிட்டுத்தானே துன்னீங்க? நான்தானே சோப்பு குடுத்தேன்? பின்ன எப்பிடி?"

அவள் கைலியைத் தளர்த்தினாள். பூண்டு வீச்சம் குப்பென்று அடித்தது. பச்சை பெல்ட்டின் உள்பக்கம் ஈரம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. குப்பியில் தக்கை நெகிழ்ந்திருந்தது. இடுப்புச் சதை சிவந்து, அந்த இடத்துத் தோல் தானாகவே துடித்துக்கொண்டிருந்தது.

படுதா ஓரம் நின்று கேட்டது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மேலே படக்கூடாது.

யா அல்லா! வாயே வேண்டாமா இதற்கு? தோல் வழியாகவே உள்ளே போகிறதா? அப்படியானால் சந்தை முழுக்கக் கற்றுக்கொண்டு போனது என்ன? வாய், வாய் என்று தானும் சேர்ந்து சொன்னது என்ன? குப்பம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே! நாளைக்குத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம். பேன் தலை. வீட்டிலேயே மருந்து.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்மாடியிலிருந்து தணிகாசலம் ஓடி வந்தான். சொன்னேனே பாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல பையன். துணியை உருவிப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். "பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிடணும்மா. இதுக்கு ஊசி இருக்குதாம். இப்ப ரயில் வரும், நான் தூக்கிகினு போறேன். நீங்களும் வாங்க."

"நான் நத்தமேட்டுக்குப் போவணும்."

"அவரை உட்டுட்டா? நான் இவரைச் சேர்த்துட்டு மத்தியானமா போறேம்மா."

"குப்பம்மா கொழந்தை தலையில இதை ஊத்திட்டா மத்தியானம் வரைக்கும் தாங்குமா தம்பி?"

பாய் கண்ணைத் திறக்காமலே கையைத் தடவி அவள் விரலைப் பிடித்தார். "போ ஆரிபா," என்றார். "நாம சொன்னதைத்தான் செய்வாங்க. போ."

வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, வண்டிக்கார அப்பாவுவின் மாட்டுவண்டியில் ஏறினாள். புருஷனை ரயிலடிக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதால் நேரம் போகும் என்று அழவில்லை. "மாட்டை வெரட்டு அப்பாவு, வெரட்டு" என்பதைத் தவிர வழி நெடுக வேறு பேச்சில்லை. மழைக்காலத்து வண்டிப்பாதை, சக்கரம் சேற்றில் அழுந்தி அழுந்தி எழுந்தது. இரண்டு பக்கமும் சம்பாப் பயிர். அங்கங்கே ஆட்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு வயலில் நின்றார்கள். பாய் சொன்ன பாடத்தை யாரும் மறக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

வரப்போரத்தில் சடையப்பன் இருந்தான். ஈரத் துண்டை மூக்குக்குக் கீழே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தான். முன்னால் மண்தொட்டி. அதில் முழங்கை வரைக்கும் கையை விட்டு, பாயசம் கிண்டுகிற மாதிரி மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"கைய எடு! கைய எடு சடையப்பா!" வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள்.

அவன் திகைத்துப் போய், இடது கையால் துண்டை லேசாகத் தளர்த்தினான். "பாயம்மா, இன்னா நீங்களே வந்துட்டீங்க? ஒரு சொட்டு வாயில போவல, பயப்படாதீங்க. நல்லா கட்டிகினு கீறேன் பாருங்க."

"வாயி இல்ல! தோலு! மேல பட்டாலே உள்ள போயிடுது. அவரு அங்க சாவக் கெடக்கறாரு, பெல்ட்டுல ஊத்திகினதால. கால்வாயில எறங்கு. துணியோட எறங்கு!"

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பாயம்மா துப்பட்டி சரிந்தது கூடத் தெரியாமல் நின்று கத்துவதைப் பார்த்துப் பயந்து, தொபுக்கென்று கால்வாயில் இறங்கினான். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "ராத்திரியிலேர்ந்து தல கிண்ணுனு கீது. தூக்கம் இல்லாம கீறேன்னு நெனச்சேன்" என்றான். நேற்றே ஒரு தொட்டி கலக்கிப் பார்த்தானாம்.

"குப்பம்மா எங்க?"

"ஊட்டுலதான். காலீல கொட்டாங்குச்சில கொஞ்சம் ஊத்திகினு போச்சு, கொழந்தைக்குப் பேனு..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். அவனாகவே கரையேறி ஓட ஆரம்பித்தான்.

குடிசைக்கு முன்னால் முருங்கை மரம். அதில் சாய்ந்து பச்சையம்மா உட்கார்ந்திருந்தது. தலையைச் சுற்றிப் பழம்புடவைத் துணி, பாயம்மா சொல்லிக்கொடுத்த அதே கட்டு. வாயையும் ஒரு துணியால் கட்டியிருந்தது. பக்கத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த குப்பம்மாள் எழுந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க பாயம்மா! நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன். தலையில ஊத்தறப்போ ஒழுவி வாயில போயிடப் போவுதுன்னு மொதல்ல வாயைக் கட்டிட்டுத்தான் ஊத்தினேன். சமத்தா கீது கொழந்தை, அழுவவே இல்ல. அப்பிடியே தூங்கிடுச்சு."

வாயில் கட்டிய துணி தொப்பலாக நனைந்து, எச்சில் சொட்டுச் சொட்டாகப் பாவாடையில் வடிந்துகொண்டிருந்தது.

ஆரிபா குழந்தையை வாரிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். வாய்த்துணியையும் தலைத்துணியையும் பிய்த்து எறிந்தாள். பூண்டு வீச்சம். சாம்பலை அள்ளி அள்ளிக் கூந்தலில் தேய்த்தாள், கழுத்தில் தேய்த்தாள், காதுக்குப் பின்னால் தேய்த்தாள். குப்பம்மாள் என்ன ஏது என்று தெரியாமலே அலறிக்கொண்டு தண்ணீர் இழுத்து ஊற்றினாள். குழந்தையின் தோள் துடித்துத் துடித்து அடங்கிற்று. மூச்சு, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி கொளகொளவென்று வந்தது. ஆனால் வந்தது.

"ஏத்து அப்பாவு! பொன்னேரிக்கு ஓட்டு. ஊசி கீதாம், தணிகாசலம் அங்கதான் கீறான், சொல்லு." சடையப்பன் ஈரத்தோடு ஏறினான். குப்பம்மாள் மகளை மடியில் போட்டுக்கொண்டு, "நீங்கதானே வாயின்னு சொன்னீங்க பாயம்மா, நான் கட்டினேனே, நல்லாத்தானே கட்டினேன்" என்று கேட்டுக்கொண்டே போனாள். கோபமாகக் கூட இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் அந்தக் குரல் கேட்டது.

அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்ற அஞ்சம்மாள், பக்கத்து வீட்டுக்காரி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "வாயைக் கட்டினதுதான் வென. சின்னக் கொழந்தை, மூச்சு முட்டாதா? கட்டாம போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆமாமா," என்றார்கள் மற்றவர்கள். "வாயைக் கட்டக்கூடாது."

"நல்ல வேள, நான் இன்னும் போடல. எனக்கும் பாதி குடுத்துச்சு குப்பம்மா. ஊட்டுல கொட்டாங்குச்சில கீது. எம் பசங்களுக்கு வாயைக் கட்டாம போடணும்," என்றாள் அஞ்சம்மாள்.

ஆரிபா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். "போடாதே! வாயைக் கட்டினாலும் போடாதே, கட்டாட்டியும் போடாதே. மருந்து தோல் வழியாவே உள்ள போவுது அஞ்சம்மா. தலையில பட்டாலே போதும்."

"அதெப்படி பாயம்மா? நீங்கதானே தலையில போடக் கத்துக் குடுத்தீங்க? எம் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி நீங்களே உங்க கையால போட்டு உட்டீங்க. இன்னா ஆச்சு அதுக்கு? ரெண்டு புள்ள பெத்துட்டா."

"அது வேற மருந்துடி!"

"மருந்து மருந்துதானே?" அஞ்சம்மாள் பொறுமையாகச் சொன்னாள், பயத்தில் பிதற்றுகிறவளுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி. "தோலு வழியா தண்ணி கூடப் போவாது. தெனம் குளிக்கறோமே. நீங்க பதறிப் போயி கீறீங்க. இப்பிடி ஒக்காருங்க, மோர் எடுத்தாரேன்."

ஆரிபா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தியும் நம்பவில்லை. வீட்டுக்கு வீடு கொட்டாங்குச்சி இருக்கும். பள்ளிக்கூடம் நாளைக்கு. கடைவாசலில் நின்று சடையப்பன் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. நாக்குல வெச்சிக் காமி. இந்த ஜனங்களுக்குச் சொன்னால் ஏறாது. அப்படிப் பழக்கி வைத்தது யார்?

அஞ்சம்மாள் முந்தானையால் அவள் கையைத் துடைக்க வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சாம்பலும் பழுப்புப் பிசுபிசுப்பும் அப்பிக் கிடந்தது.

"தொடாதே!"

பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதில் கையை விட்டால் கழுவிவிடலாம். ஆரிபா வாளியைக் காலால் தள்ளி நகர்த்தினாள். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டாள்.

"யாரும் ஊட்டுக்குப் போவாதீங்க. இங்கயே ஒக்காருங்க. என்னைப் பாத்துகினு இருங்க." "என் வாயப் பாருங்க. ஒண்ணும் போவல. காலீலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. கையில மட்டுந்தான் பட்டிருக்குது. பாத்தீங்களா? கையில மட்டும்."

"பாயம்மா, இன்னா பண்றீங்க? கழுவுங்க!"

"நீதானே ஒண்ணும் ஆவாதுன்னே? ஒக்காரு அஞ்சம்மா."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சேவல் ஒன்று குப்பையைக் கிளறியது. குப்பம்மாள் விட்டுப்போன முறத்தில் அரிசியைக் குருவிகள் கொத்தின. யாரும் விரட்டவில்லை. ஆரிபா மனசுக்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். இப்போது அவர் பொன்னேரி போய்ச் சேர்ந்திருப்பாரா, வண்டி எதுவரைக்கும் போயிருக்கும், குழந்தைக்கு மூச்சு இருக்குமா என்று நடுநடுவே வேறு நினைப்பு வந்து ஓதல் அறுந்தது. நெற்றியில் வேர்வை பூத்தது. வாயில் உமிழ்நீர் ஊறிற்று. விழுங்கினாள். மறுபடியும் ஊறிற்று.

வெகுநேரம் கழித்து அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மழை வருதா அஞ்சம்மா? இருட்டிகினு வருதே."

அஞ்சம்மாளும் அண்ணாந்து பார்த்தாள். மேகம் ஒரு துண்டு கூட இல்லை. உச்சி வெயில் கிணற்றடிக் கல்லில் பட்டுக் கண் கூசிற்று.

"இல்லியே பாயம்மா," என்றாள் அவள் மெதுவாக. "வெயில் சுள்ளுனு அடிக்குதே."

ஆரிபாவின் கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மடியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"பாத்துக்கோங்க," என்றாள்.

அஞ்சம்மாள் எழுந்து, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடினாள்.